வலைக்கூடத்தில் நடந்த போலீஸ் கூட்டம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். காவல் துறையும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அரசு நிதி தரும் என்று போன மாதம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் நாலு வருடமாக இது நன்றாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். குப்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

காலை ஐந்து மணிக்குப் பஸ். ஏழேகாலுக்கு விழுப்புரம். பஸ் நிலையத்துக்கு எதிரே நாற்பது ரூபாய்க்குப் பொங்கல். மிளகு கொஞ்சம் தூக்கல், தூக்கம் போய்விட்டது. அங்கிருந்து திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். திண்டிவனத்தில் மரக்காணம் பஸ்ஸுக்கு மாறி, இருபுறமும் உப்பளம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோது மணி ஒன்பதரை. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்துக் காவல் நிலையத்தில் இறங்கினேன்.

போலீசும் குப்பத்தாரும் சேர்ந்த குழுவின் கூட்டம் அன்று பத்தரைக்கு அங்கே என்று போனில் சொல்லியிருந்தார்கள். பதினைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினொன்று ஆகியும் குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அம்மா இந்த ஸ்டேஷனுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். இந்த ஆண்டுக்கான திட்டம் அன்று மாலை ஐந்து மணிக்குள் விழுப்புரம் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் நிதி கிடைக்காது என்று சொல்லிவிட்டு, அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

கடைசியில் ஏட்டு மெதுவாகச் சொன்னார். "மேடம், எப்பவும் நாமதான் அங்க போவோம். அவங்க வலைக்கூடத்துலதான் கூட்டம் நடக்கும்."

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, வண்டியை எடுக்கச் சொன்னார். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நாலு கிலோமீட்டர், சவுக்குத் தோப்பு வழியாக மணல் பாதை. வலைக்கூடம் என்பது மேலே தகரக் கூரை, சுற்றிலும் திறப்பு. வலை பழுது பார்க்கும் இடம். இருபது பேர் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் செல்வி, மீன் விற்பவர், நாற்பது வயது இருக்கும். வலைத் தகராறு ஒன்றில் சம்பந்தமே இல்லாத அவர் கணவரை, பல வருடம் முன்பு ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். இதை அவர் கோபமில்லாமல், நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

"ஸ்டேசன் படி ஏறினா ஊர்ல என்னா கேஸுன்னு கேக்குறாங்க மேடம். நாலு வருசமா உங்க ஆளுங்க இங்க வந்துக்கினு இருந்தாங்க. அதனாலதான் நாங்க வாயத் தொறந்தோம். மறுபடியும் அங்க கூப்ட்டா பழையபடி ஆயிடும்னு பயமா இருக்குதுங்க."

"தெரியாம கூப்பிட்டுட்டேங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். நாற்காலி கொண்டுவரப் போனவரைத் தடுத்துவிட்டு வலைக் குவியலின் ஓரமாக உட்கார்ந்தார்.

முதல் ஆண்டுப் பணத்தில் வாங்கிய வயர்லெஸ் கருவிகளை எனக்குக் காட்டினார்கள். போன மழைக்காலத்தில் செல்வியின் கொழுந்தனாரும் இன்னொருவரும் போன படகில் எஞ்சின் நின்றுவிட்டது. செல்வி கருவியில் ஸ்டேஷனைக் கூப்பிட, ஏட்டு கடலோரக் காவலுக்குச் சொல்ல, மதியத்துக்குள் இருவரும் கரையில். அன்று கருவியில் செல்வியின் குரலைக் கேட்ட பிறகுதான் தனக்கும் இந்தக் குழுவில் நம்பிக்கை வந்தது என்று ஏட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்.

அடுத்து இந்த ஆண்டுத் திட்டம். சப்-இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த பட்டியலில் குப்பத்து நுழைவாயிலுக்கு ஆறு கேமரா இருந்தது. செல்வி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கேமரா யாரப் பாக்கறதுக்குங்க மேடம்? கடலயா, எங்களயா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். படகு எஞ்சின் திருட்டு உண்மையிலேயே இருக்கிறது என்று ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் படகுகள் நிற்கும் கரையைப் பார்த்து ஒரு கேமரா. மீதிப் பணத்தில் கூடுதல் வயர்லெஸ், உயிர்காக்கும் சட்டைகள், பெண்களுக்கு முதலுதவிப் பயிற்சி. செல்வி நிதானமாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்றேமுக்கால்.

ஜீப்புக்கு ஸ்டேஷனில் வேறு வேலை இருந்ததால், திட்டம் வைத்த உறையோடு ஏட்டும் நானும் மரக்காணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் திண்டிவனம் வந்தோம். ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் போனது. அவர் உட்காரவே இல்லை. அடுத்த பஸ் விழுப்புரத்தில் நின்றபோது நாலு நாற்பது. ஏட்டு இறங்கி அலுவலகத்துக்கு ஓடினார்; நானும் பின்னால் ஓடினேன், எதற்கென்று தெரியாமல். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்த நகலோடு வெளியே வந்தவர், முதலில் போன் போட்டது சப்-இன்ஸ்பெக்டருக்கு அல்ல. "செல்வியம்மா, குடுத்தாச்சு" என்றார். மறுமுனையில் பலர் ஒரே நேரத்தில் பேசுவது எனக்கே கேட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு: இப்படிக் குழு உள்ள எந்தக் குப்பத்துக்குப் போனாலும், முன்கூட்டியே அவர்களிடம் போனில் அனுமதி கேளுங்கள். குப்பங்களில் சாப்பாட்டுக் கடை எதிர்பார்க்காதீர்கள். மரக்காணத்திலேயே தண்ணீரும் டிபனும் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு முந்நூற்று எண்பது ரூபாய் ஆனது. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

விண்ணப்பம் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. எழுதும் முன்பு, ஸ்டேஷன் பக்கமே வர விரும்பாதவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். நான் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இன்ஸ்பெக்டரும் நானும், எங்கள் ஊரில் போலீசைக் கண்டாலே ஒதுங்கும் ஒரு தெருவுக்கு அப்படிப் போனோம். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் உட்காரச் சொன்னார்கள்.