காலியாக விட்ட கட்டம்

தொண்ணூறுகளில், தீவிலிருந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் உத்தரவாத அட்டைகளைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். எங்கோ ஒருவர் ரேடியோ வாங்கி, பெயரும் முகவரியும் எழுதிப் போட்ட அட்டை கடல் கடந்து என் மேசைக்கு வரும். அக்கரையில் என் வீடிருந்த பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து, கம்பெனி பஸ் ஏறி, ஏழரைக்கெல்லாம் நாற்காலியில் இருப்பேன். திரையைப் பார்க்காமலேயே தட்டுவேன். அந்த வேகத்தையும் அதனால் வந்த திமிரையும் நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

அமெரிக்க அட்டையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். விளம்பரக் கடிதம் வேண்டாம் என்பவர்கள் மட்டும் அதில் டிக் போட வேண்டும். காலியாக விட்டால் சம்மதம் என்று அர்த்தம். முக்கால்வாசிப் பேர் காலியாகத்தான் விட்டிருப்பார்கள். ரேடியோ வாங்கிய சந்தோஷத்தில் யார் அதையெல்லாம் படிப்பார்கள்?

பிறகு ஜெர்மனியிலிருந்து அட்டைகள் வந்தன. அதே இடத்தில் அதே கட்டம். ஆனால் அங்கே கடிதம் வேண்டும் என்பவர்தான் டிக் போட வேண்டும். காலி என்றால் அனுப்பக் கூடாது. மேற்பார்வை பார்த்த அக்கா முதல் நாளே சொன்னார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். விரல்கள் மட்டும் பழைய வழக்கத்திலேயே ஓடின, மூன்று வாரம்.

கேட்காதவர்கள் வீட்டுக்கெல்லாம் கடிதம் போய்விட்டது. ரேடியோ விற்ற ஜெர்மன் நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி நேரிலேயே வந்து இறங்கினார்.

"யாரு தட்டுனது?" என்றார் அக்கா.

"நான்தான்க்கா."

"காலின்னா நோன்னு சொன்னேன்லா! இப்ப எப்படிமா உன்னக் காப்பாத்துறது?"

எனக்குப் புரபேஷன் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று தெரியவில்லை.

எங்கள் மேலாளர் அமெரிக்கர், கலகலப்பான மனிதர். பிடிக்காதவர்கள் கடிதத்தைக் குப்பையில் போடட்டும், புகார் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. கேட்காமல் அனுப்பியதே தப்பு, எங்கள் ஊரில் அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார். உடனே மேலாளர், "அப்படியானால் இந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு இன்றே வேறு ஆளைப் போடுகிறேன்" என்றார், அதே சிரிப்போடு.

"அவளைக் கேட்டீர்களா?" என்றார் பெண்மணி. என் பக்கம் திரும்பி, அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஜெர்மன் தெரியாது என்றேன். அப்படியென்றால் தப்பில் பாதி எங்களுடையது, இவளே திருத்தட்டும் என்று முடித்துவிட்டார். அவரைக் கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டியிருந்தேன், வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொரு பதிவையும் திருத்தி, ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கடிதம் அச்செடுக்க நான்கு நாள் ஆனது.

வேலை நிரந்தரமானது. அன்று ஒரு படிவம் தந்தார்கள். மதம், அடையாள அட்டை எண், அப்பாவின் வேலை, அம்மாவுக்கு என்ன வியாதி என்பது வரை கேட்டிருந்தது. யார் யாரிடம் இது போகும் என்று ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டேன், நமக்குக் கட்டம் எங்கே என்று.

"நம்மள யாருமா கேக்கப் போறா? சைன் பண்ணு லா."

பண்ணினேன். சந்தோஷமாகத்தான் பண்ணினேன்.