மண்ணுக்குள் கேட்டது

அக்கா ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி சேற்றில் மண்டியிட்டிருந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. முந்தின நாள் வரை தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், இருந்த இடத்தில் செம்மண் சரிவு மட்டுமே கிடந்தது. அதற்குள் எங்கோ அவளுடைய கணவர், என் மச்சான், இருந்தார்.

அந்த நாட்களில் நான் திருகோணமலையில் வேலை பார்த்தேன். கடலடியில் ஒலி கேட்கும் கருவிகளை வடிவமைப்பது என் தொழில். நீண்ட வடத்தில் ஒலிவாங்கிகளை இடைவெளி விட்டுக் கோத்து நீருக்குள் இறக்குவோம். ஒரே சத்தம் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து, இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்கிடலாம். விடுமுறையில் அப்புத்தளைக்கு, அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மச்சான் இதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். "திமிங்கிலம் பேசுறதக் கேக்குறதுக்கா சம்பளம்?" என்று சிரிப்பார்.

மண் சரிந்த அன்று அக்கா தொலைபேசியில் அழவில்லை. "தம்பி, கடலுக்கு அடியில கேக்குற சாமான் இருக்குல்ல, அதக் கொண்டுக்கிட்டு வா. எங்க தோண்டுறதுன்னு தெரியாம நிக்கிறாங்க" என்றாள். அது மண்ணுக்கு ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு ஒலிவாங்கிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவற்றை ஈரச் சேற்றில் புதைத்தேன். நான் கேட்டதும், மீட்புக்கு வந்திருந்த இராணுவத்தினர் மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். மழை கேட்டது, உள்ளே ஓடும் நீர் கேட்டது, எங்கோ கல் உருண்டது. கடல்நீரில் ஒலி என்ன வேகத்தில் போகும் என்பது எனக்குத் தெரியும். கல்லும் வேரும் கூரைத் தகரமும் கலந்த அந்தச் சேற்றில் தெரியாது. திசை சொல்ல வழியே இல்லை.

அக்கா ஹெட்போனை வாங்கி வெகுநேரம் கேட்டாள். "தட்டுறாரு" என்றாள்.

நானும் வாங்கிக் கேட்டேன். டொக், டொக் என்று ஏதோ ஒன்று. தகரத்தில் நீர் சொட்டுவதாகவே எனக்குப் பட்டது.

"எந்தப் பக்கம் தம்பி?"

"தெரியலக்கா."

"கடல்ல தெரியும்னு சொன்னியே."

மண்வெட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் அவளே, தன் அடுப்படி இருந்திருக்கும் என்று தோன்றிய இடத்தைக் காட்டினாள். அங்கே தோண்டினார்கள். யார் வீட்டுக் கதவோ ஒன்று வந்தது. மழை வலுத்து மேல்சரிவு அசையத் தொடங்கவும் எங்கள் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். மச்சானைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை.

இப்போது அக்கா பெரகலப் பக்கம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். இந்த வருடத் திவசத்துக்குப் போயிருந்தேன். படையலை எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ வந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி அவரு தட்டினது யாருக்குமே கேக்காமப் போயிருக்கும்."

அது நீர்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர்தான் என்றால், உயிரோடு இருந்தவரை விட்டுவிட்டு நாங்கள் இறங்கி வந்தோம் என்றாகிவிடும். அதை அவள் எப்படித் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"உனக்கும் கேட்டிச்சுதானே தம்பி?"

"கேட்டிச்சுக்கா" என்றேன்.