பெருங்காய வாசனை

திருவனந்தபுரத்தில் நாங்கள் போகும் நூலகத்தில், சிறுவர் பகுதியை ஓர் அம்மா பார்த்துக்கொள்கிறார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வீட்டில் செய்து பார்க்கும் அறிவியல் சோதனைப் புத்தகம் ஏதாவது திரும்பி வந்தால், பிரித்து முகர்ந்து பார்ப்பார். எலுமிச்சையோ மெழுகோ மணம் வீசினால் முகம் மலர்ந்துவிடும்.

நான் திருப்பிக் கொடுத்த புத்தகம் புதுசு போலவே இருந்தது.

"ஒரு கறைகூட இல்லையே. மோள் ஒண்ணும் செஞ்சு பாக்கலியோ?"

வாடகை வீட்டுச் சுவர் அழுக்காகும் என்று மகளைச் செய்ய விடாதது நான்தான். அதை மறைத்து, "அடுத்த வாரம் செய்வா" என்று அதையே மறுபடி எடுத்து வந்தேன்.

அந்த வாரமும் விடவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாள் காலையில், மஞ்சள் தடவிய தாள் சோப்புத் தண்ணீரில் சிவக்கும் சோதனை உள்ள பக்கத்தில், இட்லி தின்ற விரலால் சாம்பாரை ஒற்றினேன்.

அந்த அம்மா முகர்ந்தார். "இந்தச் சோதனைக்குப் பெருங்காயம் வேணுமா, சார்?"

குரலில் கோபமே இல்லை. தேதி முத்திரை குத்தி, அதே புத்தகத்தை இந்த முறை என் பக்கத்தில் நின்ற மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு என் விரலைப் பார்த்தாள்.