சில்சாரிலிருந்து மூன்றரை மணி நேரம்

அப்பா விமானத்தில் வருகிறார் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அசாமில் சில்சார் என்ற ஊரில் அவர் பள்ளி ஆசிரியர். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை விடுமுறையில், ரயிலில்தான் பாளையங்கோட்டைக்கு வருவார். இந்தத் தடவை தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் சித்தப்பா விமான டிக்கெட் போட்டுவிட்டார்.

காலை பத்து மணிக்கு, ஏறப் போகிறேன் என்று அப்பா போன் செய்தார். பத்தாம் வகுப்புப் படித்த என் அண்ணன் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். அம்மாவின் போனில் சில்சார், தூத்துக்குடி என்று இரண்டு விமான நிலையங்களையும் அடித்துப் பார்த்தான். வங்கக் கடலின் மேல் ஒரு சிவப்புக் கோடு நேராக இறங்கி வந்தது.

"ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். மூணரை மணி நேரம். ஒன்றரைக்கெல்லாம் இறங்கிருவாவட்டி."

ஒன்றரை ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. அம்மாவிடம் அப்பா எப்போது வருவார் என்று கேட்டால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அக்கம்பக்கத்தார் வந்து குசுகுசுவென்று பேசினார்கள். என் தலையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. விமானம் கடலில் விழுந்துவிட்டது, எல்லாருக்கும் தெரியும், எங்களிடம்தான் மறைக்கிறார்கள்.

"கணக்கு சரிதாம்ட்டி" என்று அண்ணன் அழுகிற குரலில் சொன்னான். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, திருச்செந்தூர் முருகனிடம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். போன வருஷ மொட்டைக்குப் பிறகு அப்போதுதான் இரட்டைச் சடை போடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. இருந்தாலும் வேறு எதைக் கொடுப்பது?

சாயங்காலம் சித்தப்பா எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குப் போனார். விமான நிலைய வாசலில், தோளில் பையோடு அப்பா முழுசாக வந்தார். கொல்கத்தாவிலும் சென்னையிலும் இறங்கி, விமானம் மாறி மாறி வந்திருக்கிறார். போனில் நேர்கோடு போட்டுக் கணக்குச் சொன்ன பக்கம் அதைச் சொல்லவில்லை.

"அப்பா எப்படிலே இருக்காவ?" என்று சித்தப்பாவிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டார்.

சித்தப்பா பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்பா கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். "கடல்ல விழுந்துட்டியளோன்னு நெனச்சேம்ப்பா. மொட்டை போடுதேன்னு முருகன்ட்ட வேண்டியிருக்கேன்."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீ போட வேண்டாம்ட்டி. நான் போட்டுக்கிடுதேன்."

அவருக்கும் விமானத்தில் பயமாக இருந்திருக்கும் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

தாத்தா அன்று மத்தியானமே போய்விட்டார் என்பதை வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் சொன்னார்கள். நானும் எல்லாரோடும் சேர்ந்து அழுதேன். ஆனால் மறுநாள் அப்பா ஆற்றங்கரையிலிருந்து ஈர வேட்டியோடு மொட்டைத் தலையாக வந்தபோது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் பட்டது. என் சடைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்தில் போய், "எனக்காகத்தானப்பா போட்டிய? வலிக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கிட்டி" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போன வருஷம் நான் போட்டபோது கொஞ்சங்கூட வலிக்கவில்லையே.