அமலோற்பவத்தின் குரல்

திரேஸ்புரம் கடற்கரையில் அமலோற்பவம் மீன் ஏலம் கூறினால், லாரிக்காரன்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்திவிடுவான். அந்தக் குரல்தான் அவளுடைய பிழைப்பு, பெருமை, சண்டைக்கு ஆயுதம். அதைக் கேட்டதும் ஆறு வயது மகள் அனிஷா காது கேட்பதற்காக மாட்டியிருக்கும் மிஷினைக் கழற்றிவிடுகிறாள் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

விளாத்திகுளத்திலிருந்து வரும் சிறப்பு வகுப்பு டீச்சரிடம் மட்டும் பிள்ளை கழற்றுவதில்லை.

"பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்போது காதுல கெடக்கு. என்னையக் கண்டதும் கழத்தி கையில வச்சுக்கிடுதா. அந்த விளாத்திகுளத்துக்காரி என்ன மாயம் பண்ணினாளோ!" என்று புருஷன் ரோச்சிடம் குமுறினாள்.

"சத்தமாச் சொல்லுளா" என்றான் ரோச்.

சத்தமாகச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து பதில் சொன்னாள்.

ரோச் சங்கு குளிக்கிறவன். ஆழத்துத் தண்ணீர் அழுத்தி அழுத்தி அவன் செவிப்பறை எப்போதோ கிழிந்துபோயிற்று. அந்தத் தெருவில் பாதி ஆண்களுக்கு அப்படித்தான்; பெண்கள் கத்தித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். என்ன பாவம் செய்து உன் காது போயிற்று என்று ரோச்சிடம் ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றதும் கேட்டார்கள். எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள், மாதா கோயிலுக்கு நேர்ச்சை வைக்கச் சொன்னார்கள். பிறந்தபோது முற்றிப்போன மஞ்சள் காமாலைதான் காரணம். அப்போதே காதைச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யாரும் சோதிக்கவில்லை. நேர்ச்சைகள் முடிவதற்குள் பிள்ளைக்கு நாலு வயதாகிவிட்டது. மூடநம்பிக்கை பணத்தை மட்டும் தின்பதில்லை, பிள்ளைகள் மொழி கற்கும் வயதையும் தின்றுவிடுகிறது.

பிறகு ஒரு முகாமில் மிஷின் கொடுத்தார்கள். மேடையில் ஏற்றிப் படம் பிடித்தார்கள். கொடுத்தவருக்குச் சால்வை போட்டார்கள். மிஷின் போட்ட பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தாய்க்குச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அமலோற்பவம் தனக்குத் தெரிந்தபடி பேசினாள், புருஷனிடம் பேசுவதுபோல. பிள்ளை திரும்பாவிட்டால் இன்னும் கத்தினாள்.

சிறப்பு வகுப்பில் சேர்ந்தபின் அனிஷாவின் கைகள் பேச ஆரம்பித்தன. சிரித்தால் கன்னத்தில் குழி விழும் பொன்செல்வி டீச்சரைச் சொல்ல ஒரு சைகை: கன்னத்தில் ஒரு விரல். அனிஷா சோற்றுக்கு நடுவில், குளிக்கும்போது, தூக்கம் வரும்போதெல்லாம் கன்னத்தில் விரல் வைத்தாள். அமலோற்பவம் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டாள். அங்கே குழி இல்லை. 'நான் பெத்தேன், அவளுக்குக் குழி விழுது' என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

ஒருநாள் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வகுப்புக்கே போனாள். சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி, அனிஷாவுக்கு மிக அருகில் பேசிக்கொண்டிருந்தாள். வாயும் கையும் சேர்ந்து அசைந்தன. அனிஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீட்டில் சிரிக்காத சிரிப்பு. அமலோற்பவம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏளா அனிஷா!"

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். மிஷினைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"பாத்தியளா? நீங்க ஒண்ணு சொல்லாமலா எம்புள்ள என்னைய வெறுக்கா?"

டீச்சர் அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். அந்த மிஷினை, டாக்டர்கள் காதில் மாட்டுவதுபோன்ற குழாய் ஒன்றில் பொருத்தினாள். காலையில் மிஷின்கள் வேலை செய்கின்றனவா என்று அவள் கேட்டுப் பார்க்கும் குழாய் அது. அதை அமலோற்பவத்தின் காதில் மாட்டினாள்.

"இப்பக் கூப்பிடுங்கக்கா. வீட்டுல கூப்பிடுற மாதிரியே."

"ஏளா அனி..."

பாதிப் பெயரிலேயே குழாயைப் பிடுங்கி எறிந்தாள். காதுக்குள் தகரத்தைக் கிழித்ததுபோல் இருந்தது.

"மிஷினே சத்தத்தக் கூட்டிருதுக்கா. அதுக்கு மேல நாம கத்துனா, வலிதான் மிஞ்சும், சொல்லு புரியாது. கிட்ட போயி, மொகத்தக் காட்டி, சாதாரணமாப் பேசுங்க. கையாலயும் பேசுங்க, ரெண்டும் வேணும். இத ஒங்களுக்கு யாராவது மொதல்லயே சொல்லியிருக்கணும்."

அமலோற்பவம் எறிந்த குழாயை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள். பிறகு, "கையால என்னைய எப்படிக் கூப்புடுதா?" என்று கேட்டாள்.

டீச்சர் தயங்கிக்கொண்டே அதை அனிஷாவிடம் கையால் கேட்டாள். அனிஷா தயங்கவில்லை. வாயை அகலத் திறந்து, அதன் முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"மாத்தச் சொல்லுங்க டீச்சர்."

"அது அவ வச்ச பேருக்கா. நான் மாத்த முடியாது."

வீட்டில் அமலோற்பவம் பழகினாள். ஏலக் குரலைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வந்து, விளக்குக்கு எதிரே உட்கார்ந்து, மகளிடம் மெல்லப் பேசினாள். விரல்கள் தடுமாறின, அனிஷா திருத்தினாள். ரோச் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்குக் கேக்காம மவகிட்ட என்னளா குசுகுசுப்பு? என்னையப் பத்தித்தான?"

"ஆமா, ஒம்மப் பத்தித்தான்!" என்று அவனுக்கு மட்டும் கத்தினாள். கத்துமுன் அனிஷாவின் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் நின்றாள். வெளியே வந்த அனிஷா அம்மாவைக் கண்டதும் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். கழற்றத்தான் போகிறாள் என்று அமலோற்பவம் நினைத்தாள். பிள்ளை நழுவியிருந்த மிஷினை உள்ளே அழுத்திக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையைத் தட்டி, வாயை அகலத் திறந்து விரல்களை விரித்துக் காட்டினாள், எங்கம்மா வந்தாச்சு என்று. பேர் மாறவில்லை. ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

படியில் பொன்செல்வி டீச்சர் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். அனிஷா திரும்பிப் பார்க்கவில்லை. அதை அமலோற்பவம் நன்றாகக் கவனித்துக்கொண்டாள்.