வெட்டி எறிந்த ஒரு வாக்கியம்

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் எனக்கு ஒரு சிறிய வீடியோ ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், ஞானஸ்நானம், வீடு பால்காய்ச்சு, சாவு என்று எடுப்பதும் எடிட் செய்வதும்தான் பிழைப்பு. நாலு வருடத்துக்கு முன்பு சென்னையிலிருந்து ஓர் இளம் இயக்குநர் என்னைத் தேடி வந்தார். மாநில எல்லை பிரித்தபோது இந்தப் பக்கம் நின்றுபோன தமிழர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாராம். மலையாளமும் தெரிந்த எடிட்டர் வேண்டும் என்றார். கல்யாண வீடியோவைத் தவிர வேறு எதிலும் என் பெயர் வந்ததில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

அவருடைய நோட்டில் முதல் பக்கத்திலேயே 'புறக்கணிப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. ஒரு ஆளிடம்கூட அதுவரை பேசியிருக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரில் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனேன். டீச்சரின் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். பக்கத்து வீட்டில் மலையாளம் பேசும் ஒரு சேச்சி, தையல் வேலை செய்பவர். எங்களைப் பார்த்ததும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியோடு கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் தின்றோம். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அவர் திரும்பியபோது அவர் வீட்டு நாய் குரைத்துக்கொண்டு கேமராவை நோக்கி ஓடிவரப் பார்த்தது. சேச்சி சட்டென்று கேட்டை இழுத்துச் சாத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு டீச்சர் பேசினார். பள்ளியில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துபோனதைச் சொன்னார். கணவர் விழுந்த நாளுக்குப் பேச்சு போனது. "பெருமழையாக்கும் அண்ணைக்கு. சொந்தக்காரங்க, சபைக்காரங்க, எல்லாருக்கும் போன் பண்ணினேன். ஒருத்தரும் எங்கள திரும்பிப் பாக்கல்ல. இவ மட்டும்தான் ஓடி வந்தா. இவ இல்லெங்கி எனக்க ஆளு இண்ணைக்கு உயிரோட இல்ல." சேச்சியின் வீட்டைக் கைகாட்டிவிட்டு அழுதார்.

இரண்டு வாரம் கழித்து என் ஸ்டுடியோவில் எடிட்டிங். இயக்குநர் என் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"திரும்பிப் பாக்கல்லங்கிறாங்களே, அங்க நிறுத்துங்க. அதுக்கப்புறம் அந்த கேட் சாத்துற ஷாட்டைப் போடுங்க."

"சார், அது நாய்க்காக அடைச்சதாக்கும். அடுத்த வரியில அந்தச் சேச்சியைப் பத்தி டீச்சர் நல்லபடியா சொல்லுதாங்களே."

"நாம ஒரு வார்த்தை சேர்க்கலையே. டீச்சர் சொன்னதுதான், அந்தச் சேச்சியோட கேட்தான். ஒரு சமூகத்தோட வலியைச் சொல்றோம். சின்ன விவரத்துல மாட்டிக்கிட்டா பெரிய உண்மை போயிடும்."

அவர் வஞ்சகர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்ன இடத்தில் வெட்டினேன். நாயின் குரைப்பை எடுத்துவிட்டு, அடியில் ஒரு வயலின் இசையைப் போட்டதும் நான்தான். அதை அவர் சொல்லக்கூட இல்லை. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, டீச்சரின் சபை மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். தன் முகமும் வரும் என்று சேச்சி புதுச்சேலை கட்டி முன்வரிசையில் டீச்சரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்தது. திரையில் கேட் மூடியது. பின்னால் யாரோ 'ச்சே' என்றார்கள். சேச்சி எழுந்து வெளியே போனார். டீச்சர் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

அன்று ராத்திரியே அந்தத் துண்டு மட்டும் வாட்ஸ்அப்பில் தனியாகச் சுற்றியது. கீழே மலையாளிகளைத் திட்டிச் சிலர், தமிழர்களைத் திட்டிச் சிலர். சேச்சியின் முகத்தை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

மறுநாள் டீச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மக்கா, நான் சொன்னது முழுசும் உனக்க கையில உண்டா?"

"உண்டு டீச்சர்."

"எல்லாம் கேட்டுட்டுத்தானே வெட்டினே?"

வெட்டாத பகுதியை அப்படியே போனில் ஏற்றி, அன்றைக்கே சேச்சியின் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் முழுவதும் பார்த்தார். தன்னைப் பற்றிய வரி வந்தபோது தலையை ஆட்டினார்.

"டீச்சர் அங்ஙனே பறயில்லா என்னு எனிக்கு அறியாம்," என்றார். டீச்சர் அப்படிச் சொல்லமாட்டார் என்று தெரியுமாம். பிறகு போனைத் திருப்பித் தந்தபடி, "பட்சே இது ஆரு காணும் மோனே?" என்று கேட்டார். ஆனால் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

அவர் கேட்டது சரிதான். முழுப் பகுதியை என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். யாரும் அதை மற்றவருக்கு அனுப்பவில்லை. இயக்குநரிடம் போனில் சொன்னபோது, படம் ஏற்கெனவே விழாக்களுக்குப் போய்விட்டது என்றார். படத்தின் கடைசியில் என் பெயர் இப்போதும் ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் டீச்சரின் கணவர் இறந்தார். அடக்கத்தை வீடியோ எடுக்க வேறு ஆள் கிடைக்காமல் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெட்டியின் கால்மாட்டில் சேச்சி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கேமராவை நான் தூக்கியதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே எனக்குத் துணிவு வரவில்லை.

பத்து நாள் கழித்துப் பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் என்னை வைத்துக்கொண்டே முழுவதும் பார்த்தார். அடக்கத்தன்று துக்கத்தில் யார் வந்தார்கள், போனார்கள் என்று எதுவும் அவர் நினைவில் இல்லை. முடிந்ததும் மெல்லக் கேட்டார்.

"சேச்சி வரல்லியா?"

"வந்தாங்க டீச்சர். ரொம்ப நேரம் இருந்தாங்க. நான்தான் எடுக்கல்ல."

டீச்சர் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.