பதினாலாம் கட்டிலில் ஒரு பச்சைப் புள்ளி

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தொலைவதே இல்லை. வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள், அப்புறம் என்ன? ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதற்குள் அரிசி அளவில் ஒரு சில்லு. ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். வார்டு கூரையில் பொருத்திய பெட்டிகள் அந்தச் சில்லைப் படித்து, கீழ்த்தளத்துக் கண்ட்ரோல் ரூம் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். புள்ளி வார்டைத் தாண்டினால் சிவப்பாகும், சைரன் அலறும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து புள்ளி பார்ப்பதுதான் என் உத்தியோகம். கம்ப்யூட்டர் வேலை என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஆறாம் வார்டில் உதவியாளர். இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளைத் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, திட்டிச் சாப்பிட வைப்பது எல்லாம் அவள்தான். புதிதாக வந்த டாக்டர் ஊசிக்கு நரம்பு தேடித் தடுமாறினால், "அந்தக் கையை விடுங்க சார், இந்தக் கையில பாருங்க" என்று வாளியோடு போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். நர்சுகள் அவளைப் 'பெரிய டாக்டர்' என்பார்கள். சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டம் காதில் விழவில்லை.

பட்டையில் ஒரு சின்னச் சிக்கல். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கை வீங்கும், பட்டை வீங்காது. தோல் உரிந்து புண்ணாகும். மாற்றுப் பட்டைக்கு மூன்று கையெழுத்து, இரண்டு நாள். அதுவரை பொறுத்திரு என்று புண்ணிடம் சொல்ல முடியுமா? அதனால் வார்டில் கமுக்கமாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். பட்டையை வெட்டியெடுத்துக் கட்டில் கம்பியில் துணியால் கட்டிவிடுவது. கீழே புள்ளி பச்சையாகவே இருக்கும், மேலே கை ஆறும். தலைமை நர்ஸ் கண்டும் காணாததுபோல் இருந்துகொள்வார். புள்ளி பார்க்கிற மகாராணி எனக்குத்தான் எதுவும் தெரியாது.

எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு இதில் ஆபத்தில்லை. ஆனால் பெரியப்பா நடப்பார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை நோய், கூடவே ஞாபக மறதி. கால் புண்ணுக்காக அதே ஆறாம் வார்டில் பதினாலாம் கட்டிலில் சேர்த்திருந்தார்கள். ஊழியர் குடும்பம் என்பதால் வைத்தியம் இலவசம். பெரியம்மாவின் வேலை போனால் அதுவும் போகும். அவர் கை வீங்கித் தோல் உரிந்தபோது பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊராருக்குச் செய்ததைக் கட்டின புருஷனுக்கும் செய்தாள். தான் பக்கத்திலேயே இருக்கும்போது எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு நாள் மதியம் போய்விட்டார். இன்சுலின் ஊசி போட்டாயிற்று. சாப்பாட்டுத் தட்டு வந்தபோது ஆள் இல்லை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார், உயிரே போய்விடலாம். பெரியம்மா எனக்குப் போன் பண்ணினாள்.

"அடியே, பெரியப்பாவைக் காணோம்டி! கேட்டை மூடச் சொல்லு!"

நான் திரையைப் பார்த்தேன். பதினாலு பச்சையாக இருந்தது. "பதறாதீங்க பெரியம்மா, கட்டில்லதான் இருக்காரு."

"நான் அந்தக் கட்டில் பக்கத்துலதான்டி நிக்கிறேன்!"

சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சிஸ்டம் பொய் சொல்லாதும்மா. பாத்ரூம்ல இருப்பாரு. வெளியே போயிருந்தா சைரன் அடிச்சிருக்குமே?" கண்ணால் பார்க்கிறவள் சொல்வது பொய், கண்ணே இல்லாதது சொல்வது மெய். அந்த அறிவுக்களஞ்சியத்தை மட்டும் குறை சொல்லி என்ன? நானும் அதையேதான் பெரியம்மாவிடம் சொன்னேன், சிடுசிடுவென்று வேறு. அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நிமிடத்தில் சைரன் அலறியது. பதினாலு சிவப்பாகி, வராந்தாவைக் கடந்து, படியிறங்கி, நேராக எங்கள் அறையை நோக்கி வந்தது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? சும்மாவா இதை மாட்டி வச்சிருக்கோம்? தானா நம்மகிட்டயே வர்றாரு பாரு!"

செக்யூரிட்டிகள் இரண்டு பேர் அவரைப் பிடிக்கத் தயாராகக் கதவருகே நின்றார்கள். கதவு திறந்தது. வந்தது பெரியம்மா. மூச்சிரைக்க, கையிலிருந்த பட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் வெட்டினேன். நான்தான் கட்டில்ல கட்டினேன். என் வேலையை அப்புறமா எடுத்துக்குங்க. முதல்ல கேட்டை மூடுங்க."

அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கம் கலைந்தது. கேட்டை மூடினார்கள், மைக்கில் அலறினார்கள், செக்யூரிட்டிகள் லிஃப்டில் மாடி மாடியாக ஏறி இறங்கித் தேடினார்கள். நாற்பது நிமிடம் கழித்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தாள். அவர் அந்த லிஃப்டிலேயே இருந்தார்! மூலையில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க" என்று ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த ஆஸ்பத்திரி உடுப்பை லிஃப்ட்காரர் யூனிஃபார்ம் என்று நினைத்து, தேடிப்போன சூரர்களும் அவர் சொன்னபடி உள்ளே நகர்ந்து நின்றிருக்கிறார்கள். பெரியம்மா பார்த்தபோது சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்து, கை நடுங்கி, வாய் குழறிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

மறுவாரம் விசாரணை. சிஸ்டத்தின்மேல் குற்றமில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள். பட்டை இருந்த இடத்தைத்தானே புள்ளி காட்டியது, பாவம்! தலைமை நர்சுக்கு அப்படியொரு பழக்கம் இருப்பதே தெரியாதாம். பெரியம்மாவுக்கு வேலை நீக்கம். அவள் ஒப்புக்கொண்டதை நேரில் கேட்ட சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேனாவை விட்டெறிந்தேன். "மாட்டேன் சார். எனக்கும் இந்த வேலை வேண்டாம்."

பெரியம்மா குனிந்து பேனாவை எடுத்தாள்.

"போடுடி. நான் சொன்னது நிஜம்தானே? நீயும் போயிட்டா அந்தத் திரைக்கு முன்னாடி யாரு உக்காருவா? நாளைக்கு இன்னொருத்தி போன் பண்ணி ஆளைக் காணோம்னு அழுதா, நீயாவது நம்புவ."

போட்டேன். சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பெரியப்பாவுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போனாள்.